கத்தியில்லாத கப்பல்

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் எங்கள் கப்பலில் காலைக் காபிக்கு முன் எல்லோரும் கழுத்தைக் காட்ட வேண்டும். எடையில்லாத வெளியில் ரத்தம் காலுக்கு இறங்காமல் கழுத்துக் குழாயில் தேங்கிக் கட்டிவிடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆள் காலி. அதனால் எல்லோருக்கும் தோலுக்கடியில் 'உறைதடுப்பி' என்ற சின்னக் கருவி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும்.

டாக்டர் ஜைத்தூன் என் கழுத்தில் ஸ்கேனரை வைத்துப் பார்த்தார்.

"புளியங்கொட்டையா இருந்த கட்டி மிளகாட்டம் ஆயிடுச்சு, மாஸ்டர். இன்னும் பத்து நாள் மருந்து நிக்காம ஓடணும்."

நான் சமையல்காரன். அந்த மருந்து ஓடினால் சின்ன வெட்டில்கூட ரத்தம் லேசில் நிற்காது என்பதால் கப்பலில் கத்தியே கிடையாது. முப்பது வருஷம் கத்தி பிடித்த கை வெங்காயத்தைப் பிய்த்துப் போடுவதா? அதெல்லாம் ஒரு சமையலா? என் பழைய கத்தியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன்.

அன்று அதை எடுத்தேன். மிதந்த வெங்காயத்தைத் துரத்திப் பிடித்து ஒரு வெட்டு. உள்ளங்கை பிளந்தது. ரத்தம் சொட்டவில்லை, கையின்மேல் கோலிக்குண்டாகத் திரண்டு பெருத்துக்கொண்டே போனது.

"ஐயையோ, டாக்டரம்மா!"

மிதந்து வந்தவர் கத்தியைப் பார்த்தார். "அறிவிருக்கா உங்களுக்கு?"

"மருந்தை முறிக்கிற ஊசி இருக்குல்லம்மா, அதைப் போடுங்க! உடனே நின்னுடும்ல?"

"நிக்கும். கழுத்துல இருக்கற மிளகு மறுபடியும் புளியங்கொட்டை ஆகும். அப்புறம் உங்களை யாரு காப்பாத்தறது? கையைக் கொடுங்க."

அழுத்தினால் நான் நழுவிப்போவேன். அதனால் இருவரையும் ஒரே வாரில் சுவரோடு கட்டினார். துணியை மடித்து வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது.

"பேசுங்க மாஸ்டர். ரசம் எப்படி வைப்பீங்க?"

சொன்னேன். ரசம் முடிந்து, சாம்பார் முடிந்து, வத்தக்குழம்பும் முடிந்தது. ஐம்பது நிமிஷம்! அவர் விரல்கள் வெளுத்து நடுங்கின. ஒரு நொடிகூட எடுக்கவில்லை. என்ன பிறவி இந்த அம்மா என்று மலைத்துப்போனேன்.

எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. மருந்தும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்தியை நானே அவர் பையில் போட்டேன்.

அன்று மதியம் ரசப் பையைப் பிடிக்க அவர் விரல்களுக்குத் தெம்பில்லை. கட்டுப்போடாத கையால் பையைப் பிடித்து, குழாயை அவர் வாயருகே நீட்டினேன். ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. வெங்காயம்?"

"பிய்ச்சுதான் போட்டேம்மா."