கட்டண விரதம்

கடலடிப் பூங்காவின் வாசலில் கட்டணப் பலகை கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடித் தூண் மட்டும் நிற்கும். அதன் மேல் மணிக்கட்டை வைத்தால், உங்களுக்கு உரிய கட்டணம் எவ்வளவு என்று தூணில் எழுத்து ஒளிரும். வேதமுத்து கையை வைத்தபோது தூண் கொஞ்ச நேரம் எதுவும் காட்டவில்லை. பிறகு, 'கட்டணமில்லை, நால்வருக்கு' என்றது.

வாசலில் நின்ற பணிப்பெண் எழுத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மத்த மூணு பேரும் பின்னால வாராங்களா சார்?"

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"இது குடும்பச் சீட்டு சார். பிரிச்சுத் தர முடியாது. மூணு இடம் சும்மாதான் போகும்."

"போகட்டும்."

"நான் வேலைக்குச் சேந்து ஆறு மாசமாச்சு. கட்டணமே இல்லன்னு இப்பதான் முதமொத பாக்கேன்," என்று வாழ்த்துச் சொல்வதுபோல ஆரம்பித்தவள், அதன் பொருள் உறைத்ததும் குனிந்துகொண்டு சீட்டை நீட்டினாள்.

நான்கு இருக்கைகள் கொண்ட கண்ணாடிக் கூண்டு அவரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக் கடலுக்குள் இறங்கியது. ஆளில்லாத மூன்று இருக்கைகளின் வார்களும் தாமாகப் பூட்டிக்கொண்டன. பச்சை நீரில் பவளத் திட்டு தெரிந்தது. கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த ஆவுளியா என்ற கடற்பசு ஒன்று தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மிக அருகில் வந்து அவரையே பார்த்தது. "அங்க பாரு" என்பது அவருக்கு வாய்வரை வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் பூட்டிய வார்தான் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூங்கா திறந்தபோது கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது, ஒரு சலுகையைத் தவிர. வேலையை இயந்திரங்களிடம் இழந்து அரசின் வாழ்வுப்படியில் காலம் தள்ளும் குடும்பங்கள் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். வேதமுத்து அப்போது துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை மேற்பார்வையிடுபவர். படி வாங்குகிறவர் அல்ல. கை நிறையச் சம்பாதிப்பவரும் அல்ல. மகள் பியூலா ஒவ்வொரு விடுமுறைக்கும் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்பாள். அவரும் அடுத்த விடுமுறைக்கு என்பார். எதிர்வீட்டு ஜெபராணி மீன் தரம்பிரிக்கும் கம்பெனியில் வேலை போய், கணவனும் விட்டுப் போய், மூன்று பிள்ளைகளோடு வாழ்வுப்படியில் இருந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, நடைபாதை முழுக்க ஆவுளியா மாதிரி ஊதிக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். பியூலா கதவோரம் நின்று அதைப் பார்ப்பாள்.

ஒருநாள் அவர் உட்கார்ந்து, கட்டணங்களை முடிவு செய்யும் நிகர்நிலை ஆயத்துக்கு ஒரு மனு எழுதினார். 'உழைக்கிறவன் பிள்ளை வீட்டில் இருக்க, உதவி வாங்குகிறவன் பிள்ளை கடலைப் பார்க்கப் போவதுதான் நியாயமா? ஒரு மனிதனின் தேவையை அவன் வருமானம் மட்டுமா சொல்லும்?' எழுதி முடித்ததும் மனைவி குளோரிக்குப் படித்துக் காட்டினார்.

"அவ பிள்ளைய சிரிச்சா உங்களுக்கு எங்க வலிக்கி?" என்றாள் குளோரி. "அந்த மனு எழுதுத நேரத்துல நம்ம பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

அவரைப் போல லட்சம் பேர் எழுதியிருந்தார்கள். ஆயம் எல்லாவற்றையும் படித்தது. ஆனால் அவருடைய கடைசி வரியைத்தான் தன் அறிக்கையின் முகப்பில் பெயர் போடாமல் அச்சிட்டது. ஊரெல்லாம் அந்த வரியை அறியும், எழுதியவரை அறியாது. ஒரு மனிதனின் தேவையை அவன் வருமானம் மட்டுமா சொல்லும்? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் துலாக்கோல் என்ற இந்தத் தூண் வந்தது.

துலாக்கோலின் கணக்கு எளிமையானது. உடல்நலத்துக்காக ஊரில் எல்லோரும் ஏற்கெனவே மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்டியிருந்தார்கள். ஒருவர் எத்தனை பேரோடு பேசுகிறார், எத்தனை முறை சிரிக்கிறார், எப்படித் தூங்குகிறார், யார் கை அவர்மேல் படுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். கடைசிப் பத்து நாட்களை எடுத்துக்கொண்டு அவருடைய 'நாள்கனம்' என்ன என்று அது சொல்லும். உல்லாசப் பயணம் மனப்பாரத்தை இறக்கத்தானே? பாரம் கூடுதலாக உள்ளவருக்குக் கட்டணம் குறைவு, லேசாக உள்ளவருக்கு அதிகம். வருமானமும் கணக்கில் உண்டு, பதினாலு காரணிகளில் ஒன்றாக. இதை அநியாயம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஆனால் ஆயம் ஆராய்ந்து, தூண்களைச் செய்து நிறுத்துவதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது. பியூலா படித்து, மணமாகி, நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். பேரன் பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிப் போன குளோரிக்கு இது மூன்றாவது வருடம். சண்டை ஒன்றும் இல்லை. அங்கே பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். முதலில் தினமும் பேசினாள். பிறகு ஞாயிறுதோறும். இப்போதெல்லாம், "சாப்டியளா? மாத்திரை போட்டியளா?" என்று இரண்டு கேள்வி. அதற்குள் அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பூங்காவிலிருந்து திரும்பிய மாலையில் மின்தூக்கியில் ஜெபராணி ஏறினாள். காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே, "எங்க போயிட்டு வாரிய அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"பூங்காவுக்கு."

"நாங்க போயி வருசம் ரெண்டாச்சு. துலா வந்தபெறவு எங்களுக்கு முழுக் கட்டணம்லா. முன்ன பத்துல ஒரு பங்குன்னாலும் அதுக்கே ரெண்டு மாசம் சேத்து வைப்பேன்." அவள் சிரித்தாள். "ஆயத்துல போயிக் கேட்டேன். உங்க வீட்ல சிரிப்பு கூடுதல், உங்களுக்குப் பாரமே இல்லன்னு சொல்லுதான். சிரிக்கதுக்கு அபராதம் கட்டுத ஆளு இந்த ஊர்ல நான்தான்."

வேதமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. மனு எழுதியது தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

"எனக்குக் கட்டணம் இல்லன்னு வருது, நாலு பேருக்கு. பிள்ளையள என்கூட அனுப்புதியா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கட்டணமே இல்லாத ஒரு ஆளுடைய வீட்டுக்கு எதிரே இத்தனை நாள் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். "கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி," என்றாள், மெதுவாக.

அடுத்த ஞாயிறு என்று முடிவானது. ஆனால் பிள்ளைகள் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே மூத்தவள் ரெஜினா ஒரு தாளோடு வந்து, எந்தக் கூண்டில் ஏறினால் எது தெரியும் என்று பட்டியல் போட உட்கார்ந்தாள். நடுவில் உள்ள பெவின் அவர் அடுக்களையில் புகுந்து, டப்பாக்களைத் திறந்து பார்த்து, "மாமா, உங்க வீட்ல முறுக்கே இல்லியா?" என்று நியாயம் கேட்டான். எட்டு வயது ஷானி அவர் மடியில் ஏறி, ஆவுளியாவுக்கு மீசை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார். உங்களை மாதிரியா என்றாள். வேதமுத்து சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. வியாழக்கிழமை அவர் கடைக்குப் போய் முறுக்கு வாங்கி வந்தார். அன்றிரவு மாத்திரை இல்லாமல் தூங்கினார்.

ஞாயிறு காலை தூணின் மேல் கையை வைத்தார். தூண் யோசிக்கவே இல்லை. 'நால்வர், முழுக் கட்டணம்' என்றது.

அதே பணிப்பெண்தான் நின்றாள். அவள் அவரையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல சேதிதான் சார்," என்றாள்.

ரெஜினாவுக்குப் பதினாலு வயது. புரிந்துவிட்டது. "மாமா, நாங்க தள்ளிப் போயி நிக்கட்டா? நீங்க தனியா ஒருக்கா வச்சுப் பாருங்க."

"அது பத்து நாளப் பாக்கும்டி. இப்ப தள்ளி நின்னு என்னத்துக்கு ஆகப் போவுது?"

முழுக் கட்டணத்தைக் கட்டினார். அப்படியொன்றும் முடியாத தொகை இல்லை. பியூலா கேட்ட நாளில்கூட முடியாத தொகையாக இருந்ததில்லை என்று கூண்டுக்குள் உட்காரும்போதுதான் அவருக்குத் தோன்றியது. ஆவுளியா வந்தது. மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில், "அங்க பாருங்க மாமா," என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் வீட்டுக் கதவு பகலில் சாத்தியதில்லை.

அந்த மாதத்தில்தான் ஊரில் புதிய வழக்கம் ஒன்று பரவத் தொடங்கியது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. பூங்காவுக்குப் போக நாள் குறித்தவர்கள் அதற்குப் பத்து நாள் முன்னதாகவே வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள். கணவன் ஒரு அறையில், மனைவி ஒரு அறையில். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கினால் பட்டை கணக்கெடுக்கும் என்று தாய்மார்கள் தூக்காமல் இருந்தார்கள். இதற்குக் கட்டண விரதம் என்று பெயர். பத்தாம் நாள் எல்லோரும் கூடிப் போய் மகிழ்வது என்பது ஏற்பாடு. பூங்கா நிறைந்தது. ஆனால் கூண்டுகளுக்குள் முன்போல இரைச்சல் இல்லை என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். அடுத்த முறைக்கான பத்து நாள் இன்றே தொடங்குகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் உள்ளேயும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபராணி அவர் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஒரு பத்து நாளைக்குப் பிள்ளைய இங்க வராது அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய. மத்தவங்க எல்லாம் போறாங்க. என் பிள்ளைய மட்டும் போகாம இருக்கணுமா?"

"நான் கட்டுதேன் ஜெபராணி. எல்லாருக்கும் முழுசா நானே கட்டுதேன்."

"ஒரு தரம் கட்டுனிய. தரத்துக்குத் தரம் உங்க கைய எதிர்பாக்க முடியுமா? முன்ன பத்துல ஒரு பங்குன்னாலும் நான் கட்டுனது. இப்பவும் நானே பாத்துக்கிடுதேன்." போகும்போது திரும்பி, "நீங்களும் இந்தப் பக்கம் வராதிய. ஷானி உங்களக் கண்டா சிரிச்சிருவா," என்றாள்.

மறுநாள் காலை வேதமுத்து நிகர்நிலை ஆயத்துக்குப் போனார். மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அங்கிருந்த அதிகாரி இளைஞன், மரியாதை தெரிந்தவன். பழைய மனுவைத் தேடி எடுத்துத் திரையில் காட்டினான்.

"அந்த வரிய எழுதினது நீங்களா ஐயா? நாங்க பயிற்சியில மனப்பாடம் பண்ணினது."

"முன்ன மாதிரி வாழ்வுப்படி வாங்குறவங்களுக்குப் பத்துல ஒரு பங்குன்னு வச்சிரலாம். மத்தவங்க முழுசாக் கட்டட்டும்."

"அது நியாயம் இல்லன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"அது அப்ப."

"உங்க மனு முழுசா நிறைவேறியாச்சு ஐயா. நிறைவேறின மனுவ வாபஸ் வாங்க வழியில்ல. இப்ப யாருக்கும் குறையும் இல்ல. பாரம் இருக்கறவங்களுக்குக் கட்டணம் குறையுது. கட்டணம் குறைஞ்சவங்க எண்ணிக்கையும் மாசாமாசம் கூடிக்கிட்டே போகுது, பாருங்க." ஏறுமுகமாகப் போகும் ஒரு கோட்டை அவன் விரலால் தொட்டுக் காட்டினான். நாட்டின் பாரத்தைத்தான் காட்டுகிறோம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

வேதமுத்து வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டில் ஐந்து பேர் பேசுகிற சத்தம் கேட்கும் வழக்கமான நேரம். நாலே பேர்தான், ஆனால் ஐந்து பேர் மாதிரிக் கேட்கும். இப்போது பாத்திரம் வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணினார். முறுக்கு டப்பாவில் நமுத்துப்போனது. ஐந்தாம் நாள் நடைபாதையில் ஷானி எதிரே வந்தாள். அவரைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். 

ஏழாம் நாள் பிற்பகல் அவரால் பொறுக்க முடியவில்லை. என்ன ஆனாலும் அந்த மனுவைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஜெபராணி திறந்தாள். அவளுக்குப் பின்னால் பெவின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரெஜினா சன்னலோரம் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் ஜெபராணி உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. விரலை விட்டு எண்ணுகிறவளைப் போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"மூணு நாள்தான் அண்ணாச்சி. அப்புறம் வாங்க. கதவச் சாத்துறேன்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இருவர் பேச்சையும் சேர்த்துப் பத்துச் சொல்லைத் தாண்டாவிட்டால் பட்டை அதை உரையாடலாக எண்ணாது. விரதம் இருக்கும் வீடுகளில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் பேசியது ஏழு. அவருக்கென்று மூன்றை விட்டு வைத்திருந்தாள்.

வேதமுத்து கதவின் அருகே முகத்தைக் கொண்டு போனார். எத்தனையோ சொல்ல வந்தவர், எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல் சொல்லாகக் கழித்தார்.

"நான்தான் எழுதினேன், ஜெபராணி."

கதவின் கீழிடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் தெரிந்தது. அது நகரவில்லை. பதில் சொல்ல அவளிடம் சொல் எதுவும் மிச்சமில்லை.