கைநாட்டு வைத்த புகார்

காலை 9.40. மலைமேல் குண்டூர் நாட்டு ஊர்களில் ஒன்றின் மேட்டுக்காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த செங்கோடன், கையில் பற்றிய தண்டோடு மண்ணில் சாய்ந்தார். ஓடிவந்தவர்கள் ஆள் போய்விட்டார் என்றே முதலில் எண்ணினார்கள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பின்னரே மூச்சிருப்பது தெரிந்தது. அவரை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மறையுமுன்பே, அவருக்கு மனைவி விஷம் வைத்துவிட்டாள் என்னும் பேச்சு ஊர் முழுதும் பரவிவிட்டது.

பரப்பியவர் செங்கோடனின் தம்பி சின்னுசாமி.

காலை 11.15. மலைக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் கலைச்செல்வியின் எதிரே சின்னுசாமி அமர்ந்திருந்தார். கலைச்செல்வி குறைவாகப் பேசுபவர். எதிரில் இருப்பவரின் வாயைவிடக் கைகளையே அதிகம் கவனிப்பவர்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லீங்கம்மா. எங்கண்ணி அத்தாயிதான்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"எங்கூட்டு வாசல்ல நின்னா அவங்க சமையக்கட்டு சன்னல் தெரியுமுங்க. ஒரு மாசமாப் பாக்கறேன். காத்தால அண்ணன் களி திங்கறதுக்கு முந்தி, அரிசிப் பானைக்குப் பொறவால இருந்து ஒரு பாட்டில எடுத்து, கறுப்பா எதையோ கலக்கறா. மனுசன் ரெண்டு வருசமா கறுத்துக்கிட்டே வாராருங்க. எந்நேரமும் அசதி."

"நேராப் போய்க் கேட்டிருக்கலாமே?"

"அந்த ஊட்டுப் படிய மிதிக்கறதில்லீங்க. வரப்போரத்து மிளகுக் கொடியால வந்த சண்டை. சோறு தண்ணி கெடையாதுன்னு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியாச்சு. நாலு வருசமா அந்த ஊட்டுப் பச்சத்தண்ணி கூட என் நாக்குல பட்டதில்லீங்க."

தலைமைக் காவலர் ராஜாமணி புகாரை எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். சின்னுசாமி வாங்கினார், இருமுறை பிடித்துப் பார்த்தார், மேசைமேல் வைத்துவிட்டார்.

"கட்டை விரலே வெச்சுடறேனுங்க."

"என்னப்பா இது! போன தேர்தல்ல வேட்புமனுவுல பெரிய ஆபீசர் மாதிரி கையெழுத்துப் போட்ட ஆளாச்சே! ஓட்டோட சேர்ந்து எழுத்தும் போயிருச்சா?" என்று சிரித்தார் ராஜாமணி.

"மிளகு பறிச்ச கைங்க. விரல் மடங்க மாட்டேங்குது."

மை ஒட்டிய விரலைத் துடைப்பதற்காக அவர் கைக்கடிகாரத்தை மேலே தள்ளினார். பட்டைக்கு அடியில் இருந்த தோலும் முகத்தைப் போலவே சாம்பல் பூத்த கறுப்பாய் இருந்தது. கலைச்செல்வி அதனைக் கவனித்துக்கொண்டார்.

பிற்பகல் 12.40. அத்தாயியின் வீட்டுமுன் கூட்டம். நாலு மணிக்குள் அவளை ஜீப்பில் ஏற்றவேண்டும் என்று உறவினர் சிலர் குரல் உயர்த்தினர். கலைச்செல்வி உள்ளே சென்று பார்த்தபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் பாட்டில் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாள் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது.

"என்ன இது, அத்தாயி?"

அவள் பாட்டிலைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லலைன்னா உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"டானிக்குங்க. ரத்தம் ஊற டானிக்கு. சேந்தமங்கலத்துக் கடையில ரெண்டு மாசத்துக்கு முந்தி வாங்கினேன். அசதின்னு படுத்தே கெடந்தாரு. ரத்தம் பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அவரு கடை மருந்தத் தொடவே மாட்டாருங்க. அதான் தாளச் சுரண்டிட்டுக் களியில கலந்தேன்." அவள் கைகூப்பினாள். "என்னை எங்க வேணாலும் கொண்டு போங்க சாமி. அவரு பொழைச்சுக்குவாருன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுக் கொண்டு போங்க."

வெளியே வந்ததும் ராஜாமணி கேட்டார்: "நம்பறீங்களா மேடம்?"

"ரெண்டு வருஷமாக் கறுக்கிற மனுஷன், ரெண்டு மாசத்துப் பாட்டில். கணக்கு ஒட்டலையே."

பிற்பகல் 2.05. பாட்டிலோடு கலைச்செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றார். அங்கே அன்று இரும்புச்சுமை நோயர் துணைச் சங்கம் என்னும் அறக்கட்டளையின் முகாம் நடந்துகொண்டிருந்தது. முப்பது நாற்காலிகள், வந்தவர்கள் நால்வர். செவிலியர் பிரிசில்லா பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தார். துருவேறிய ஆணியின் வாசம்.

"இரும்பு டானிக் மாதிரிதான் இருக்கு மேடம். ஆனா, சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"முகாமுக்கு ஏன் கூட்டமில்லை?"

"உடம்புல இரும்பு கூடுதலா இருந்தா நல்லதுதானேன்னு சிரிச்சுட்டுப் போயிடறாங்க."

செங்கோடனைச் சேர்த்திருந்த நாமக்கல் மருத்துவமனையின் மருத்துவரிடமிருந்து தொலைபேசி வந்தது. செங்கோடனுக்கு நினைவு திரும்பவில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது, ஈரல் வீங்கியிருக்கிறது, விஷமா என்பது ஆய்வு முடிவு வந்தால்தான் தெரியும், அதற்குப் பத்து நாள் ஆகும்.

கலைச்செல்வியின் பார்வை சுவரில் ஒட்டியிருந்த சங்கத்தின் அறிவிப்பில் நின்றது. அதில் ஒரு கையின் படம். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பிரிசில்லாவிடம் அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். விடைகளைக் குறித்துக்கொண்டு ராஜாமணியை அழைத்தார்.

"அத்தாயியைக் கூட்டிக்கிட்டு வாங்க. சின்னுசாமியையும்."

பிற்பகல் 3.30. சுகாதார நிலையத்தில் இருவரும் எதிரெதிர் மூலைகளில் நின்றார்கள்.

"சின்னுசாமி, நாலு வருஷமா அந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்கலைன்னீங்களே, அது சத்தியந்தானா?"

"சூடம் அணைச்ச சத்தியமுங்க!"

"அப்போ, உங்களுக்கு யார் விஷம் வெச்சது?"

"எனக்குங்களா?" என்றார் சின்னுசாமி.

"வெயிலால கறுத்த கையில கடிகாரப் பட்டைக்கு அடியில வெளுப்பா ஒரு தடம் இருக்கும். உங்களுக்கு இல்லை. பேனாவை ஏன் பிடிக்க முடியலை? எந்த முட்டி வலிக்குது, காட்டுங்க."

அவர் வலக்கையை நீட்டினார். சுட்டுவிரலும் நடுவிரலும் முட்டியில் வீங்கியிருந்தன.

"அத்தாயி, உங்க வீட்டுக்காரருக்கு?"

"அதே ரெண்டு வெரலுதானுங்க," என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"அசதி, தோல் கறுப்பு, இந்த ரெண்டு முட்டி. அண்ணனுக்கு இருக்கிறதெல்லாம் தம்பிக்கும் இருக்கு. ஆனா, தம்பி அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை. அப்படின்னா காரணம் அத்தாயியோட அடுப்புல இல்லை. நீங்க ரெண்டு பேரும் பிறந்த வீட்டுல இருக்கு. இந்த அறிவிப்புல போட்டிருக்கிறதும் இதேதான். குற்றவாளியைச் சொல்லட்டுமா? உங்க அப்பாவும் அம்மாவும்."

"அய்யன் செத்து இருவது வருசமாச்சுங்களே!"

அறையில் முதன்முறையாகச் சிரிப்பு எழுந்தது. பிரிசில்லா முன்வந்தார்.

"அவங்க தெரிஞ்சு செய்யலைங்க. சாப்பாட்டுல இருக்கிற இரும்பைத் தேவைக்கு மேல சேர்த்து வெச்சுக்கிற கோளாறு இது. ஆளுக்குப் பாதியா அவங்க உடம்புல ஒளிஞ்சிருந்து, உங்களுக்கு முழுசா வந்திருக்கலாம். சேர்ந்த இரும்பு ஈரலையும் கணையத்தையும் கெடுக்கும். சர்க்கரையும் அதனால வரும். உறுதிப்படுத்த ரத்தச் சோதனை இருக்கு. செலவு சங்கத்தோடது."

"மருந்து?" என்று கேட்டார் சின்னுசாமி.

"ரத்தத்தை எடுத்துடறதுதான் மருந்து."

"ரத்தத்த எடுக்கறதா? இதென்ன வைத்தியமுங்க, வேடிக்கையா இருக்குது!"

அத்தாயி செவிலியரின் பக்கம் திரும்பினாள். "அப்ப, நான் குடுத்ததுதான் அவரச் சாச்சுருச்சா?"

"இது பல வருஷமாச் சேர்ந்த சுமைம்மா. ரெண்டு மாச டானிக் அதுல ஒரு துளி. இனிமேக் குடுக்க வேண்டாம், அவ்வளவுதான்."

கலைச்செல்வி உடனே நாமக்கல்லுக்குப் பேசி, செங்கோடனின் இரத்தத்தில் இரும்பின் அளவையும் பார்க்கச் சொன்னார். அத்தாயியைக் கைது செய்யாமலே ஜீப் காவல் நிலையத்துக்குத் திரும்பியது.

மறுநாள் பிற்பகல் செங்கோடன் கண் திறந்தார். மூன்றாம் நாள் இரத்தச் சோதனையின் முடிவு வந்தது: அண்ணன் தம்பி இருவருக்கும் இரும்பு பன்மடங்கு மிகுந்திருந்தது. பத்து நாள் கழித்து வந்த ஆய்வு முடிவும் விஷம் இல்லை என்றது; பாட்டிலில் டானிக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. பரம்பரைக் கோளாறே என்பதைப் பின்னர் வந்த மரபணுச் சோதனையும் உறுதி செய்தது.

ஆறாவது வாரம், காலை 10.20. வழக்குக் கோப்பை முடிக்கச் செங்கோடனின் கையொப்பம் தேவைப்பட்டதால் கலைச்செல்வி முகாமுக்கு வந்தார். உட்கார இடமில்லை. முப்பது நாற்காலிகளும் நிறைந்து, சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அண்ணனும் தம்பியும் அருகருகே சாய்ந்திருக்க, இருவர் கையிலிருந்தும் இரத்தம் பைகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ர பை முதல்ல ரொம்பிருச்சு பாரு," என்றார் செங்கோடன்.

"மூத்தவருல்ல? இரும்பும் மூத்துக் கெடக்குது!" என்றார் தம்பி.

ஊசியை எடுத்த பிரிசில்லா, "ரெண்டு பேரும் நிறையத் தண்ணி குடிக்கணும்," என்றார்.

அத்தாயி வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குப் போசியைத் திறந்து, கணவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். மறு தம்ளரையும் நிரப்பினாள். நீட்டவில்லை, சின்னுசாமியின் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

சின்னுசாமி தம்ளரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். இரண்டு முட்டியும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இரு கைகளாலும் தம்ளரைப் பற்றி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இன்னொரு தம்ளர் ஊத்துங்கண்ணி," என்றார்.