ஹார்ன் இல்லாத வண்டி

டயர் சூடாக இருந்தது.

ரூபினி கையை எடுத்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் ஓரம் மாதிரி ஒரு சூடு. பந்தயத்துக்கு முன்னால் டயரைச் சூடாக்க ஒரு மின்சாரப் போர்வை உண்டு; கணவன் லிங்கேஸ்வரன் அதைச் சுற்றிவிட்டு மறந்து போயிருப்பான் என்று தேடினாள். போர்வை மடித்த மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் இருந்தது.

அவனுடைய பந்தய மோட்டார் சைக்கிள் வீட்டுக் கூடத்தின் நடுவில், இரும்புத் தாங்கியின் மேல் துணி போர்த்தி நின்றது. அது வந்த நாளே சோபா சுவரோரம் ஒதுங்கிவிட்டது. கொட்டகையில் வைத்தால் கேமரன் மலை ஈரம் பிடித்துவிடுமாம்! பெண்டாட்டிக்கு ஜலதோஷம் என்றால்கூட இத்தனை பதறாத மனிதன். உலகம் முழுவதற்குமே சில நூறுதான் செய்தார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். பந்தய சர்க்யூட்டில் மட்டுமே ஓட்டலாம், சாலையில் இறக்கக் கூடாது. அதனால் நம்பர் பிளேட், விளக்கு, பக்கக் கண்ணாடி, ஹார்ன் எதுவும் அதற்குக் கிடையாது. நாளைக் காலை லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதல் முறையாக அதை முழு வேகத்தில் ஓட்டப் போகிறான். அவன் முழுசாக வீடு திரும்பினால் போதும் என்று ஒரு வாரமாக அவள் கும்பிடாத சாமியில்லை.

துணியை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். கோடுகளே இல்லாத அந்த வழவழப்பான டயரில் செம்மண் அப்பியிருந்தது. மண்ணுக்குள் ஒரு தேயிலை, வாடாமல், அப்போது பறித்த பச்சையோடு.

சாயங்காலம்தான், ஆனால் பனி இறங்கிவிட்டதால் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு, மேட்டு லயத்து வீடுகள், தொழிற்சாலைப் புகைக்கூண்டு எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் எங்கோ தூரத்தில் கொழுந்து உலர்த்தும் காற்றாடிகள் இரைவதும் மட்டுமே மிஞ்சியிருக்க, அந்த ஈரக் காற்றோடு கலந்து கூடத்துக்குள் மெல்லச் சுருட்டு வாசம் வந்தது. இந்த வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை.

அவள் வாசல் கதவைத் தாழ் போட்டாள். பயணச் சாமான் வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்த கணவனுக்குப் போன் அடித்தாள்.

“என்னங்க, மோட்டார வெளிய எடுத்தீங்களா?”

கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. “யாரு சொன்னா?”

“டயர்ல செம்மண்ணு.”

“ஞாயித்துக்கெழம விடியக்காலைல, ரூபி. ஒரே ஒரு ரவுண்டுலா. நீ தூங்கிட்டு இருந்த. எஸ்டேட் ரோட்டுல ஆளே இல்ல.”

“முனியாண்டி கோயில் வளைவு வழியாவா?”

“வேற ரோடு ஏது?”

“நின்னு கும்பிட்டீங்களா?”

“அந்த வேகத்துல எங்க நிக்கிறது? ஹார்ன் அடிக்கலாம்னா அதுல ஹார்னே இல்லியே.” சிரித்தான்.

அந்த வளைவில் ஹார்ன் அடிக்காமல் யாரும் தாண்டுவதில்லை. கொழுந்து ஏற்றிய லோரி அடிக்கும், பள்ளிக்கூட வேன் அடிக்கும், தோட்டத்துத் துரையின் ஜீப்பும் அடிக்கும். நடந்து போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, போய்ட்டு வரேன் முனியய்யா என்று வாய்விட்டுச் சொல்வார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அவருக்குச் சுருட்டுக் கொளுத்தி வைப்பார்கள். சொல்லாமல் போகிறவனின் வண்டியில் அவரும் ஏறிக்கொள்வார் என்பது இந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய வண்டி. இன்று வெள்ளிக்கிழமை. ரூபினி மறுபடியும் டயரைத் தொட்டாள்; சூடு ஆறவேயில்லை.

“இப்ப அந்த வழியாத்தான வர்றீங்க? சும்மா ஹார்ன் அடிச்சிட்டு வந்துடாதீங்க. எறங்கி, செருப்பக் கழட்டி, தப்பாச்சு சாமின்னு சொல்லிட்டு வாங்க. எனக்காக.”

“சரிலா, சரி. கிட்டதான் வந்துட்டேன். போன வைக்காத.”

சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுக்கலாம் என்று போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போனாள். கூடையில் கை விட்டபோது, கூடத்தில் துணி சரிந்து விழும் ஓசை. சற்றுப் பொறுத்து, தாழ்ப்பாள் விலகும் ஓசை.

அவள் அசையவில்லை. சுருட்டு வாசம் சமையலறைக்குள்ளும் வந்தது.

போனில் கார் நின்றது. கதவு சாத்தப்பட்டது. “எறங்கிட்டேன் ரூபி. அப்பா, வெறுங்கால்ல தரை ஐஸ் மாதிரி இருக்கு.”

கூடத்துக்கு வந்தாள்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பனி உள்ளே வந்துவிட்டிருந்தது. மோட்டார் இருந்த இடத்தில் தாங்கி மட்டும் நின்றது.

“என்னங்க, காடிக்குள்ள ஏறி கார்க் கதவச் சாத்துங்க!”

“இரு, இப்பத்தான் கும்பிடவே போறேன்.”

“ஏறுங்கன்னு சொல்றேன்!”

“ஏதோ சத்தம் கேக்குது. மேலேர்ந்து எதுவோ வருது ரூபி... வெளிச்சத்தக் காணோமே.”

அவளுக்கும் கேட்டது. போனுக்குள். உறுமல். கிட்டே. இன்னும் கிட்டே.

நின்றுவிட்டது.

மோதிய சத்தமில்லை. அலறல் இல்லை. கூப்பிட்டாள். பதிலில்லை. ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. அவள் சொல்லாதிருந்தால் அவன் பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருப்பான். அவள்தான் நிற்கச் சொன்னாள். அவள்தான் இறங்கச் சொன்னாள். “ஐயோ, நானே அனுப்பிட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியே சரளைக்கல் நெரிந்தது.

வாசலில் பனி புடைத்தது. முன்சக்கரம் உள்ளே வந்தது. இஞ்சின் ஓசை இல்லாமல், யாரோ தள்ளிக்கொண்டு வருவதுபோல மெதுவாக. ஓட்டி வந்தவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுருட்டின் நெருப்பு மட்டும் சிவந்து மங்கியது.

அது தனியாள் ஓட்டவென்றே செய்த வண்டி. பின்னால் ஒருவர் உட்கார இடமே கிடையாது. அங்கே லிங்கேஸ்வரன் உட்கார்ந்திருந்தான், முன்னால் இருந்தவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல். கால் வைக்க எதுவுமில்லாமல் அவன் வெறுங்கால்கள் தொங்கின. விரல்கள் சிமெண்டுத் தரையில் இழுபட்டு வந்தன. அவன் கைக்குள் போனின் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது.