மெழுகு ஏறாத மட்கார்ட்

அந்தச் சனிக்கிழமை முதலில் வந்தது அலறலா, வாந்தியா?

சத்தியமாக எனக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் ஊர் உம்லாசியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டு காதைக் கிழித்தது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

"ஐயோ... என் காரு!"

அலறியவர் பாபா ஷாங்கே. சபை மூப்பர்.

வாந்தி எடுத்தவள் ஃபிகிலே. கார் மெழுகு விற்பவள்.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

இருபத்து நான்கு நாள் முன்பு, பேக்கரி வேலை முடிந்து நடந்து வந்த அவள் தம்பி லுங்கெலோவை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அவன் பெல்ட் பக்கிளில் நகக்கண் அளவு நீலப் பெயிண்ட் செதில் ஒட்டியிருந்தது.

விசாரணைக்கு வந்தவர் சார்ஜென்ட் மஜோலா. செதிலை உறையில் போட்டு எடுத்துப்போனார். அடக்கத்துக்கும் வந்தார். அழுதார். இரண்டு தட்டு கறி தின்றார். அடுத்த வாரம், "அந்த உறை எங்கேயோ தவறிடுச்சு தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து ஃபிகிலே உம்லாசியின் நீலக் கார்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது மெழுகு... வீட்டுக்கே வந்து இலவசமாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஷாங்கேயின் கார் பத்தொன்பதாவது.

"வா மகளே, வா! நாளைக்கு பிஷப் என் கார்லதான் வர்றாரு. அவரு இதுல மூஞ்சியைப் பாத்துத் தாடி சீவணும்... அப்படி மின்னணும்!"

"மின்னும் பாபா."

"காரை நாறடிச்சிடாதே."

"மோந்து பாருங்க. தேங்கா வாசம்."

ஷாங்கே டப்பாவுக்குள் மூக்கை விட்டார். "அட, தின்னலாம் போல இருக்கே!"

"தின்னா கக்கூஸ்தான் மின்னும் பாபா."

வாய்விட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் காலையில் தின்ற ஈரல் தெரிந்தது. ஒரு துளி எச்சில் பானட்டில் வந்து விழுந்தது.

ஃபிகிலே துடைத்தாள். துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

பானட் மின்னியது. வலது பக்கம் மின்னியது. இடது மட்கார்டுக்கு வந்தாள்.

"அது வேணாம்!" என்றார் ஷாங்கே.

"ஏன் பாபா?"

"சும்மாதான்... அது அப்படியே இருக்கட்டும்."

அவள் தள்ளி நின்றாள். ஷாங்கே காரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடியும் காரைப் பார்த்தார். ஜொலிக்கிற பானட்டுக்குப் பக்கத்தில் மட்கார்ட் செத்த மீன் மாதிரி மங்கிக் கிடந்தது.

அரை நிமிஷம்... ஒரு நிமிஷம்...

"சரி, சரி! போட்டுத் தொலை! பிஷப் இடது பக்கமாத்தானே ஏறுவாரு!"

டீ எடுத்துவர உள்ளே போனார்.

ஃபிகிலே மெழுகைத் தடவினாள். காயவிட்டாள். துடைத்தாள்.

வரவில்லை!

திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அழுத்தித் துடைத்தாள். துணியில் நீலம் ஏறியது.

புதுப் பெயிண்ட்! ஒரு மாதம்கூடக் காயாத பெயிண்ட்!

பானட் விளிம்புக்கு அடியில், தண்ணீர் போகாத இடுக்கில், துணி சுற்றிய விரலை விட்டு வழித்தாள்.

பச்சையும் கறுப்புமாக ஒரு பசை வந்தது. அதில் நாலு ஆட்டு மயிர். தேங்காய் வாசத்தோடு சேர்ந்து அது நாறிய நாற்றம்...

ஆட்டின் பித்தநீர்!

புதுக் கார் வாங்கிய அன்று ஆடு அறுத்துப் பித்தநீர் தெளிப்பார்கள். ஷாங்கே கார் வாங்கி நாலு வருஷம். பழைய காருக்குத் தெளிப்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்.

அந்தக் கார் உயிர் குடித்திருந்தால்!

தம்பியின் ரத்தம் பட்ட தகரத்தையா இவ்வளவு நேரம் தேங்காய் மணக்க மணக்கத் தேய்த்துக்கொண்டிருந்தோம்?

சக்கரத்தின் அடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

டீயோடு வந்த ஷாங்கே வெள்ளைத் திட்டைப் பார்த்து அலறினார். சக்கரத்தின் மறைவில் கிடந்தவளைக் கவனிக்காமல், அவள் ஓடிவிட்டாள் என்று நினைத்துச் செல்போனை எடுத்தார்.

"நீ உடனே வா... உடனே!"

ஐந்தே நிமிஷத்தில் கேட் திறந்தது. சீருடை! சார்ஜென்ட் மஜோலா!

கடவுளே, போலீஸ் வந்துவிட்டது! சக்கரத்தின் மறைவிலிருந்து ஃபிகிலே எழப்போனாள்.

"மடையா! மூணு மாசம் அதுல மெழுகு போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அவள் மறுபடியும் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"என்ன? பாட்டு சத்தத்துல கேக்கலை!" என்றார் ஷாங்கே.

"மெழுகு... போடாதேன்னு... சொன்னேன்!"

"பிஷப் வர்றாரே! நான் என்ன பண்ணட்டும்?"

"நீயும் உன் ஆட்டுப் பித்தமும்! கழுவுடான்னா அதையும் ஒழுங்காக் கழுவலை... தெருவே நாறுது!"

"உனக்கென்ன? நீ இறங்கிப் போயிட்டே! செத்தவன் ஆவி என் காரைத்தானே சுத்தும்?"

"வாயை மூடு!"

"முடியாது! இருபத்து நாலு நாளாத் தூங்கலை நான்!"

மணி பத்து. மின்வெட்டு அட்டவணைப்படி உம்லாசியில் கரண்ட் போனது.

பாட்டு சட்டென்று நின்றது.

ஷாங்கேயின் தொண்டை நிற்கவில்லை.

"காரை இரவல் வாங்கினது நீ! குடிச்சிட்டு லுங்கெலோ மேல ஏத்தினது நீ! நான் இல்லே!"



ஒரு ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

தெரு முழுக்கச் சனிக்கிழமைக் கார் கழுவல். இந்தப் பக்கம் ஏழு வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு. பன்னிரண்டு பேர் ஸ்பாஞ்சும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபிகிலே எழுந்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல ரெண்டு தட்டு கறி தின்னியே... எப்படிய்யா தொண்டையில இறங்குச்சு?"

மஜோலாவின் முகம் சாம்பலானது. வலது கை மெல்ல இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"தங்கச்சி... நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே..."

"கையை எடு மஜோலா!"

பக்கத்து வீட்டு மா-ங்கோபோ. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாளியோடு நின்றாள்.

"பன்னெண்டு பேரு கேட்டுட்டோம். அத்தனை பேருக்கும் குண்டு வச்சிருக்கியா? இல்லே, போயி எடுத்துக்கிட்டு வர்றியா? நாங்க இருக்கோம். அவசரமில்லே."

யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

இன்னொருத்தர் வேறு ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

மஜோலாவின் கை கீழே இறங்கியது. பிற்பாடு கோர்ட்டில் அவருக்குப் பதினைந்து வருஷம் கிடைத்தது. ஷாங்கேவுக்கு மூன்று வருஷம்; சபைப் பதவியும் போனது. பிஷப் அந்த ஞாயிற்றுக்கிழமை மினிபஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஃபிகிலே இன்னும் மெழுகு விற்கிறாள். அடக்க வீடுகளில் மட்டும் கறியைத் தொடுவதில்லை.

கார் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. எட்டு மாதம் ஆகியும் பானட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்குவதில்லையாம்... என்ன சொன்னாலும், சரக்கு நல்ல சரக்கு!