சரிவெண் நூறு

இசக்கியம்மாளின் சரிவெண் முப்பத்தாறுக்கு இறங்கியதும் வகுப்பே கைதட்டியது. அவள் மட்டும் கைதட்டவில்லை.

தூத்துக்குடியில் பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள் எல்லாருக்கும் இடது காதுக்குப் பின்னால் பயறளவுக்குச் செவிப்பொட்டு ஒட்டியிருக்கும். குரலின் தொய்வு, தூக்கத்தின் ஆழம், நாடியின் போக்கு எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பிள்ளை இரண்டு வருஷத்துக்குள் மனச்சோர்வில் விழ எத்தனை வாய்ப்பு என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும். அதுதான் சரிவெண். அறுபதைத் தாண்டினால் உறுதிக் குழுவில் போடுவார்கள். குழுவுக்கு ஏழே பேர், பன்னிரண்டு வியாழக்கிழமைகள், கடைசி இரண்டு பீரியடு. நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டால் தேறியாயிற்று. பொட்டு பொய் சொல்லாது என்று ஊரே நம்பியது. பொய் சொல்லவும் இல்லை. பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வம்பு தேறிய பிறகுதான். சோர்வு ஒட்டுவாரொட்டி என்பது மனநலக் காப்புத் துறையின் துணை இயக்குநர் கனகசபாபதியின் கட்சி. ஒரு தடவை சரிவைத் தொட்டவர்கள் கூடியிருந்தால் ஒருவரை ஒருவர் மறுபடியும் இழுத்துக்கொண்டு போவார்களாம். ஆகவே தேறிய ஏழு பேரையும் ஏழு பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும், ஒரு வருஷம் முகம் பார்க்கக் கூடாது என்று விதி எழுதி வைத்திருந்தார். எழுதியவர் புண்ணியவான், பகல் சாப்பாட்டைக் காரில் தனியாகச் சாப்பிடுகிறவர்.

இசக்கிக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. சந்தனமாரியை நினைத்துத்தான் அடித்துக்கொண்டது. போன ஐப்பசி வெள்ளத்தில் அம்மாவைப் பறிகொடுத்தவள் சந்தனமாரி. குழுவுக்கு வந்தபோது அவள் எண் தொண்ணூற்றொன்று. மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் இசக்கியின் டிபன் பாக்ஸிலிருந்து கேட்காமலே ஒரு துண்டு கருவாட்டை எடுத்துத் தின்றாள். அன்றைக்குத்தான் எண் முதன்முதலாக இறங்கியது. இப்போது முப்பத்தெட்டு. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் போட்டாகிவிட்டது.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதுட்டி" என்றாள் சந்தனமாரி. அவ்வளவுதான் சொன்னாள். இசக்கிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

குழுவை நடத்துகிற கிளாடிஸ் டீச்சரிடம் நேராகப் போய் நின்றாள். டீச்சர் நல்லவர்தான். ஆனால் வாரா வாரம் கைப்பலகை எழுதிக் காட்டுவதை அப்படியே வாசிப்பார். 'உங்கள் மூன்று பலங்களைச் சொல்லுங்கள்' என்று வந்தால் கேட்பார், 'கண்ணை மூடி மேகத்தை நினையுங்கள்' என்று வந்தால் மூடச் சொல்வார்.

"டீச்சர், நாங்க இன்னும் தேறல."

"தேறிட்டன்னுதானட்டி எண் சொல்லுது."

"எண்ணு தேறிருக்கு டீச்சர். சந்தனமாரி எங்க தேறுனா? ராத்திரி ஒத்தையில பேசிக்கிட்டு இருக்காளாம்."

"நான் என்னத்தச் செய்ய? நாளைக்குக் கடைசி அளவெடுப்பு. நாலு பேருக்காவது அறுபது தாண்டுனா இன்னும் பன்னெண்டு வாரம் நீட்டிப்பாவ. இல்லன்னா கலைச்சிருவாவ."

இசக்கிக்கு அது போதும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்ற ஆறு பேரையும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"எண்ண ஏத்தணும். எல்லாரும் நல்லா அழுங்க."

"எப்படிட்டி சும்மா அழ?" என்றாள் ஒருத்தி.

"ஒப்பாரி வைப்போம். அழுதா எண்ணு ஏறாம எங்க போவும்?"

இசக்கியின் அம்மா ஒப்பாரிக்குப் பேர் போனவள். இழவு வீட்டில் முதல் குரல் அவளுடையதுதான். அந்தக் குரல் மகளுக்கும் கொஞ்சம் இருந்தது. ஏழு பேரும் வட்டமாகக் குந்தி, தோளில் தோள் போட்டு, தலையைத் தலையோடு முட்டிக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி தொலைந்துபோன செருப்புக்கு ஒப்பாரி வைத்தாள். இன்னொருத்தி கணக்குப் பரீட்சைக்கு வைத்தாள். அழுவதற்கு வந்தவர்கள் சிரித்து உருண்டார்கள். காரியம் கெட்டது என்று இசக்கி அதட்டப் போனபோது சந்தனமாரியின் குரல் அடியிலிருந்து மெல்ல எழுந்தது.

"அரைச்ச மாவு பொங்குமுன்னே
ஆத்தா நீ போனதென்ன
பொங்கி வந்த மாவ நான்
பொத்தி வச்சுப் பாத்ததென்ன…"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கடைசியாக அரைத்து வைத்த அந்த மாவை மூன்று நாள் யாரையும் கொட்டவிடாமல் வைத்திருந்தாளாம். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் சொல்லிவைத்திருந்தார்களே. ஏழு பேரும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சைக்கிள் ஷெட்டுத் தகரமே அதிர்ந்தது. அவரவர் வீட்டுத் துக்கமெல்லாம் அன்றைக்கு அங்கே வெளியே வந்தது.

மறுநாள் கிளாடிஸ் டீச்சர் எண்களை வாசித்தார். இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. சந்தனமாரிக்குப் பதினேழு.

"அழுதா ஏறும்னியே" என்று சந்தனமாரி இசக்கியைக் கிள்ளினாள். "இறங்கில்லா போச்சு." நல்லா அழுதால் மனசு லேசாகும் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கெட்டிக்காரிகள் ஏழு பேருக்கும் அது மறந்துபோனது.

டீச்சர் கடைசி எண்ணைப் பார்த்துத் திகைத்தார். "இசக்கி, உனக்கு நூறுன்னு காட்டுது."

இசக்கி காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். பொட்டைக் காணோம். நேற்று அழுத ஈரத்திலும் கட்டிப்பிடித்த இறுக்கத்திலும் எங்கேயோ உதிர்ந்திருக்கிறது.

"பொட்டு இல்லன்னா எண்ணு தெரியாது" என்றார் டீச்சர். "தெரியலன்னா நூறுன்னு வச்சுக்கன்னு துறையில எழுதிருக்காவ. யாரும் ஏமாத்திறக் கூடாதுல்லா."

சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் ஆறு கைகள் ஆறு காதுகளுக்குப் பின்னால் போய்விட்டன.

"எடுக்காதீங்கட்டி, என் வேலைக்கு வேட்டு வச்சிராதீங்க."

"கைப்பலகைய மட்டும் வாசிங்க டீச்சர்" என்றாள் இசக்கி. "எப்பவும் அதத்தான செய்வீங்க."

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். டீச்சர் ஏழு பேரையும் பார்த்தார். பலகையில் ஏழு நூறுகள். 'அனுப்பலாமா' என்று அது கேட்டது. கிளாடிஸ் டீச்சர் அனுப்பினார். அன்றைக்குக் கைப்பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரும் வட்டத்தில் உட்கார்ந்தார்.

சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நடந்த சேதி பள்ளி முழுக்கப் பரவியது. உண்மையில் ஒட்டுவாரொட்டி அதுதான். எங்களுக்கும் வட்டம் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு கேட்டது, பிறகு எட்டாம் வகுப்பு. ஒரே மாதத்தில் பொட்டெல்லாம் உதிர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் சரிவெண் நூறு. துறையின் இயந்திரம் விதி தவறாதது. தன்னால் கணக்குப் போட்டு, ஐம்பத்தொன்பது குழுக்களுக்கு ஆணை அனுப்பிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை கனகசபாபதியே வந்து இறங்கினார். மைதானம் முழுக்க வட்டம் வட்டமாகப் பிள்ளைகள். ஒரு வட்டத்தில் அழுகை, ஒரு வட்டத்தில் சிரிப்பு, ஒரு வட்டத்தில் கருவாட்டுக்குச் சண்டை.

"யார் இதுக்கெல்லாம் தலைவி?"

இசக்கி எழுந்து நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி சந்தனமாரியும் நின்றாள்.

"இது மோசடி" என்றார் அவர். "பொட்டை எல்லாரும் திரும்ப ஒட்டணும். இந்தக் குழுவ இன்னைக்கே கலைக்கிறேன்."

"ஒட்டுங்க சார். ஒட்டிட்டு எண்ணப் பாருங்க" என்றாள் இசக்கி. "ஏறினா கலைச்சிருங்க. எறங்கியிருந்தா எதுக்குப் பிரிக்கீங்கன்னு எங்களுக்குச் சொல்லுங்க."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சந்தனமாரி அவர் சட்டையில் மாட்டியிருந்த அடையாளத் தகட்டைப் பார்த்தாள். துறைக்காரர்களுக்கும் பொட்டு உண்டு. சரிவெண் ஆறு, மாவட்டத்திலேயே குறைவு.

"ஆறா சார்?" என்றாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "கடைசியா யாருகிட்ட அழுதீங்க?"

கனகசபாபதி மைதானத்தைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல இடது காதுக்குப் பின்னால் போனது.

"இத எப்படி எடுக்கிறது?"

"நகத்த விட்டுச் சுண்டுங்க சார். கொஞ்சம் வலிக்கும்" என்றாள் இசக்கி. "அந்தா, அம்பத்தொம்பதாவது குழுவுல ஆறு பேருதான் இருக்காவ. ஏழு இருந்தாத்தான் குழு செல்லும்னு நீங்கதான எழுதிருக்கீங்க. போய் உக்காருங்க."