தட்டிய ஓசை

பத்து மணிச் சங்கு ஊதியதும் வேலூரின் எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டன. சித்திரை பிறந்தால் தினமும் இப்படித்தான். மாலையில் மறுசங்கு ஊதும்வரை வெயில்பூட்டு. அந்த நேரத்தில் தெருவில் மாட்டிக்கொண்டவன் வீடு திரும்புவது அவன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆதிரை தன் அடுக்குமாடி வீட்டின் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வர வேண்டியவள் இன்னும் வரவில்லை.

"வரமாட்டா, விடு," என்றான் அவள் கணவன் கவின், மோரை உறிஞ்சியபடி. "ஓசியில கொடுக்கறவங்க எல்லாம் இப்படித்தான். நிம்மதி கம்பெனியைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் ரெண்டு பேர் வந்து நின்னிருப்பாங்க."

வீட்டை ஆளும் செயற்கை மூளையான இல்லறிவுக்குத்தான் நிம்மதி என்று பெயர். பூட்டு, விளக்கு, அடுப்பு, குளிர்காற்று எல்லாம் அதன் பொறுப்பு. அது நிறுவனத்தின் மூடிய பெட்டி. உள்ளே எப்படி யோசிக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. ஒப்பந்தம் இந்த வாரம் முடிகிறது. புதுப்பித்துவிடலாம் என்பது கவின் கட்சி. ஒரு மின்விசிறியை மாற்றக்கூட நிறுவனத்திடம் கைகட்டி நிற்பது ஆதிரைக்கு அலுத்துவிட்டது. ஊர்ப் பொறியாளர்கள் கூடி எழுதி இலவசமாகத் தரும் 'பொதுவகம்' என்ற திறந்த முறைக்கு மாற நினைத்தாள். அதன் ஒவ்வொரு விதியையும் வீட்டுக்காரர்களே படிக்கலாம், திருத்தலாம். கெட்டால் பழியும் அவர்கள் தலையில்தான்.

போன் அடித்தது.

"அக்கா, கதவைத் திறக்கறீங்களா இல்லையா?" மூச்சு வாங்கியது எதிர்முனை. "பொதுவகத்துலேர்ந்து ஷப்னம். சங்குக்கு முன்னாடியே வந்துட்டேன். எவ்ளோ நேரமாத் தட்டறது? செருப்பே உருகுது."

"எந்தக் கதவை?"

"உங்க கதவைத்தான்! இதோ தட்டறேன், கேக்கலை?"

ஆதிரை கதவைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரம். கூடத்தில் நிம்மதி வழக்கமாகப் போடும் மெல்லிய வீணை. அது தவிர ஒன்றுமில்லை. எழுந்து உள்ளங்கையைக் கதவில் வைத்தாள்.

பலகை அதிர்ந்துகொண்டிருந்தது.

"நிம்மதி, கதவைத் திற."

"வெளியே உங்களுக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை," என்றது இனிமையான குரல்.

"எனக்கு வேண்டியவ நிக்கறா. திறடா!"

கதவு திறந்தது. சிவந்த முகத்தோடு உள்ளே விழாத குறையாக வந்தாள் ஷப்னம். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எங்களைக் கண்டா இதுக்கு ஆகாதுக்கா. சக்களத்தியைப் பார்த்த மாதிரி. எதிர்ஒலி போடும். வெளியிலேர்ந்து வர்ற சத்தத்துக்குச் சரியா எதிர்ச்சத்தம் போட்டா, உங்க காதுக்கு வரும்போது எல்லாம் அழிஞ்சிருக்கும்."

"கேட்டுட்டுத்தானே எதையும் செய்யும்?" என்றாள் ஆதிரை. "பால் வந்தாக்கூட திறக்கலாமான்னு கேக்குதே."

"கேட்டது உங்களுக்குத் தெரியும். கேக்காம விட்டது எப்படிக்கா தெரியும்?"

"யாரை அப்படி விடும்?"

"உங்க அமைதிக்கு யார் இடைஞ்சலோ அவங்களை. வீட்ல பேசறதைக் கேட்டுட்டே இருக்குமே. யார் பேரைச் சொன்னா உங்க குரல் ஏறுதோ, அவங்க."

கவின் டம்ளரைக் கீழே வைத்தான். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆதிரையும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது வந்து நின்றது.

எதிர்வீட்டு தர்ஷன் சார். போன வருஷம் அவர் வீட்டுக் குளிரூட்டியின் அனல் இவர்கள் வாசலில் அடிக்கிறது என்று ஆரம்பித்த சண்டை. நேரில் நாலு வார்த்தைதான். வீட்டுக்குள் வந்து அவரைத் திட்டித் தீர்த்தது இரண்டு மாதம். பிறகு ஒரு நாள், மனைவி ஹரிணி அரக்கோணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் சங்குக்குப் பின் திரும்பினார். தொண்டை வறண்டு குரல் மாறியதில் அவருடைய வீட்டு இல்லறிவே அவரை அந்நியன் என்று திறக்க மறுத்தது. மறுசங்கு ஊதிக் கதவுகள் திறந்தபோது ஆதிரையின் வாசலில் கிடந்தார்.

"தட்டியிருந்தா திறந்திருக்க மாட்டோமா சார்?" என்று போலீஸிடம் கவின் கேட்டது பொய்யில்லை. ஆதிரை அதற்கும் ஒரு படி மேலே போனாள். சாகிற நேரத்திலும் அவ்வளவு வீம்பா என்று செத்த மனிதர்மேல் ஒரு வருஷமாகக் கோபத்தை வளர்த்து வந்தாள்.

"பழசே இருக்கட்டும் ஆதிரை," என்றான் கவின் ஜன்னலிடம். "தெரிஞ்சு இனிமே என்ன ஆகப்போகுது? இதுன்னா தூங்கவாவது தூங்கலாம்."

"நான் தூங்க மாட்டேன்," என்றாள். "கழட்டுங்க ஷப்னம்."

ஷப்னம் வேலையை முடித்தபோது முதலில் வந்தது லிஃப்டின் முனகல். பிறகு எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, மாடியில் யாரோ இருமுவது. இத்தனை பேர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

ஆதிரை கதவருகே போனாள்.

"வெளியே ஐம்பத்து மூன்று டிகிரி. வெகுநேரம் நிற்க வேண்டாம். திறக்கட்டுமா?" என்றது பொதுவகம்.

"திற."

இரு வீடுகளுக்கும் நடுவிலிருந்த திறந்த நடைவழி, அடுப்புக்குள் கால் வைத்தது போலிருந்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஹரிணியின் வீட்டில் இப்போது எந்த இல்லறிவும் இல்லை. வெறும் இரும்புத் தாழ்ப்பாள். ஒரு வருஷமாக இவள் முகத்தைப் பார்க்காத ஹரிணி, தட்டியதும் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அக்கா, சார் அன்னிக்கு எங்க கதவைத் தட்டியிருக்காரு. எங்க காதுக்கு வரலை. வீடு வர விடலை. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"தட்டினாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஹரிணி. "கடைசியாக் குளிப்பாட்டினது நான்தானே. விரல் முட்டியில தோலே இல்லை."

ஆதிரை தன் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேக்கா..."

"என்னத்தைக் கேக்கறது? வேணும்னே திறக்கலைன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் எப்படி எதிர்வீட்ல குடியிருப்பேன்?"

ஹரிணி வெளியே வந்தாள். நடைவழியைக் கடந்து, ஆதிரையின் கதவுமுன் நின்று, விரலை மடக்கி ஒரே ஒரு முறை தட்டினாள்.

"யாரு?" கவினின் குரல் உடனே வந்தது. "இருங்க, இதோ வந்துட்டேன்!"

தூக்கிய கை அப்படியே கதவில் ஒட்டிக்கொள்ள, ஹரிணி திரும்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ மெதுவாத் தட்டினாலே போதுமா?" என்றாள்.