துணிக்கடியில் முடிந்த பேரம்

மேசையின் கடைசிக் கை வியர்த்திருந்தது.

ஜபருல்லா துணிக்கடியிலிருந்து விரலை இழுத்து முகர்ந்து பார்த்தார். தைல வாடை. பிளாஸ்டரில் வார்த்த கைக்கு யார் தைலம் தேய்ப்பார்கள்?

ஜார்ஜ் டவுனில் கிராம்பு விற்றுப் பெரியாளான ஒருவர் கட்டிய மாளிகை அது. நடுமுற்றத்தில் சாயங்கால மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து விழுந்த நீர் பூப்போட்ட கல் தரையில் தெறித்து, பழைய சுண்ணாம்பும் கற்பூரப் பெட்டியும் கலந்த ஒரு புழுக்க வாசத்தைக் கிளப்பி, விளக்கு போடாத அந்தக் கூடம் முழுக்கப் பரப்பியிருந்தது. நீள மேசைமேல் ஒரே வெள்ளைத் துணி. அடியில் வரிசையாக ரத்தினக் கல் தரகர்களின் கைகள், அச்செடுத்து வார்த்தவை. ஷர்மினி என்ற பெண்ணின் கலைப்படைப்பு. வருகிறவர்கள் துணிக்கடியில் கைவிட்டு அந்தக் காலப் பேரத்தைத் தொட்டு உணர வேண்டுமாம். வாய் மழை வருமா என்று விசாரிக்கும்; துண்டுக்கடியில் விரல் விரலைப் பிடித்து விலை சொல்லும். முழுக்கையையும் பற்றிவிட்டால் பேரம் முடிந்தது. நடுவில் கையை உருவுகிறவனுக்கு அப்புறம் தெருவில் மரியாதை கிடையாது.

கடைசிக் கையின் அட்டையில் ஜபருல்லாவின் பெயர் இருந்தது. கை அவருடைய பழைய கூட்டாளி சீனி முகம்மதுவுடையது.

"வளைஞ்ச சுண்டுவிரலோட ஒரு தரகர் இருந்தாராமே, யாரு அங்கிள்?" என்று ஷர்மினி கேட்ட அன்று, "நான்தாம்மா" என்று நாக்கு முந்திக்கொண்டது. பாதி விலைக்குக் கிடைத்த பெருமையை யார்தான் விடுவார்கள்? சீனி பக்கவாதத்தில் வாய்பேசாமல் கிடந்தான். டாக்டர் சொன்ன வைத்தியம் என்று அவன் மனைவி நூர்ஜானிடம் புளுகி, அந்தச் செத்த கையில் பிளாஸ்டரைப் பூசி அச்செடுத்து, தன் கை என்று ஷர்மினியிடம் கொடுத்தார். அவள் டீ போட்டுக் கொடுத்து நன்றி வேறு சொன்னாள். அன்றிலிருந்து ஷர்மினி எதிரில் வளையாத சுண்டுவிரலுள்ள ஜபருல்லாவின் கை கால்சட்டைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை.

இன்று திறப்பு விழா. ஷர்மினி தெருவையே அழைத்திருந்தாள், நூர்ஜானையும். தினமும் தைலம் போட்டு நீவுகிற விரலை அவள் தொட்ட நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அத்தனை பேர் முன்னால். அதற்குள் அந்தச் சுண்டுவிரலை ஒடித்துவிட வேண்டும்.

மறுபடி கையை உள்ளே விட்டார். சுண்டுவிரலைப் பிடித்தார்.

அது அவர் விரலைப் பிடித்தது.

முற்றத்து மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது. அவர் காதுக்குள் அவர் மூச்சு மட்டும். துணி லேசாக அசைந்தது. சூடான, ஈரமான விரல்கள் அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்து அழுத்தின.

நான்கு.

நாற்பது வருடப் பழக்கம். புத்தி அலறுவதற்குள் கை பதில் சொல்லிவிட்டது. இரண்டு.

மூன்று என்றது அது.

இரண்டு. விடமாட்டார். அடிமாட்டு விலைக்குக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர் முழுக்கையையும் பற்றியது.

முடிந்தது.

அப்போதுதான் உறைத்தது. சரக்கு என்னவென்று கேட்கவே இல்லை.

இழுத்தார். வரவில்லை.

வாசலில் பேச்சுக்குரல். விளக்குகள் எரிந்தன. ஷர்மினி முன்னால் வர, பின்னால் நூர்ஜான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, இவரப் பாருங்களேன். காடியில ஏறி வர்றப்ப திடீர்னு கையத் தூக்குறாரு. அல்லா கண்ணத் தொறந்துட்டான்."

சீனி முகம்மது வலது கையை உயர்த்தினான். கட்டையான, தடித்த கை. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. போன வாரம் கார்க் கதவில் நசுங்கிக் கறுத்த நகம். ஜபருல்லாவின் நகம்.

நூர்ஜான் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் யார் நகம் பார்ப்பார்கள்?

சொல்லலாம். சொன்னால், துணிக்கடியில் இருப்பது யார் கை என்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது மடல் எரிந்தது. அவர் புன்னகைத்தார்.

"கைய எடுங்க லா, அங்கிள். கூட்டாளிக்கு சலாம் கொடுக்க மாட்டீங்களா?" ஷர்மினி துணியைத் தூக்கினாள்.

கடைசிக் கை மேசையில் தனியாக இல்லை. சுண்டுவிரல் வளைந்த அந்த வெள்ளைக் கை ஜபருல்லாவின் சட்டைக்கைக்குள்ளிருந்து நீண்டு கிடந்தது.

"அட, இது..." நூர்ஜான் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து குனிந்தாள். முகம் மாறியது. ஆனாலும் பழகிய விரல்கள் தாமாகவே அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, சூடு வரும்படி நீவத் தொடங்கின.

சுண்டுவிரல் உடைந்தது. பிறகு அடுத்தது. அவள் நீவிக்கொண்டே இருந்தாள். வெள்ளைத் தூள் அவள் மடியில் குவிந்தது.

ஒவ்வொன்றும் வலித்தது.

ஜபருல்லா புன்னகைத்துக்கொண்டே இருந்தார்.